கார் கடன் முடியும்வரை தோல் இருக்கையும் தாக்குப்பிடிக்க: சுத்தம், கண்டிஷனர், பாதுகாப்பு

மலேசியாவில் கார் கடனை அதிகபட்சம் 9 ஆண்டுகளுக்கு எடுக்கலாம். பல குடும்பங்கள் அந்த முழுக் காலத்துக்கும்தான் எடுக்கின்றன. ஆனால் தவணை பாதி கட்டி முடிப்பதற்குள் ஓட்டுநர் இருக்கையின் ஓரம் வெடித்து, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் எட்டிப் பார்க்கும் கார்கள் நிறைய உண்டு. காரை விற்கப் போனால், வாங்க வருபவர் கதவைத் திறந்ததும் கவனிப்பது அந்த இருக்கையைத்தான். அங்கேயே பேரம் இறங்கத் தொடங்கிவிடும். மின் அழைப்பு வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கோ இருக்கையின் நாற்றமும் கறையும் பயணிகள் கொடுக்கும் நட்சத்திரத்தில் வந்து நிற்கும்.

தோல் மட்டமானது என்று கம்பெனியைத் திட்டுவது எளிது. உண்மையில் இருக்கையைக் கெடுப்பவை பெரும்பாலும் வியர்வை, தலை எண்ணெய், வெயில், ஈரம் ஆகிய நான்கும்தான். இந்த நான்கும் மலேசியாவில் ஆண்டு முழுவதும் இருக்கின்றன. குளிர் நாடுகளில் எழுதப்பட்ட அறிவுரையை அப்படியே பின்பற்றினால் இங்கே சில நேரம் கெடுதலாகவே முடியும். மாதம் ஒரு முறை அரை மணி நேரமும் சரியான பொருளும் இருந்தால், இருக்கையைக் கடன் முடியும்வரை நல்ல நிலையில் வைத்திருக்க முடியும்.

உண்மையில் அது தோல்தானா?

பராமரிப்பைத் தொடங்கும் முன் இருக்கை எதனால் ஆனது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விற்பனையாளர் ‘லெதர் சீட்’ என்று சொன்னாலும், அது மூன்று வகையில் ஒன்றாக இருக்கலாம்.

முதல் வகை, மேற்பூச்சு பூசிய உண்மைத் தோல். இன்றைய கார்களில் வரும் தோலில் பெரும்பகுதி இதுதான். பதனிடப்பட்ட மாட்டுத் தோலின் மேல் சாயமும், அதற்கு மேல் பாலியூரித்தேன் என்ற தெளிவான பூச்சும் இருக்கும். தோலின் தடிமன் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். மேலே உள்ள பூச்சு அதைவிடப் பல மடங்கு மெல்லியது. அன்றாடம் கை படுவதும் உடல் உரசுவதும் அந்தப் பூச்சின் மேல்தான்.

இரண்டாவது வகை, மேற்பூச்சு இல்லாத அல்லது மிகக் குறைவாக உள்ள மென்தோல். இதை அனிலின் தோல் என்பார்கள். விலை உயர்ந்த சில கார்களில் மட்டுமே காணப்படும். கைக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் தண்ணீரையும் எண்ணெயையும் உடனே குடித்துவிடும்.

மூன்றாவது வகை, செயற்கைத் தோல். துணியின் மேல் பிவிசி அல்லது பாலியூரித்தேன் பூசித் தயாரிப்பது. உள்ளூர்க் கார்களில் லெதரெட் என்று வருவதும், குஷன் கடைகளில் குறைந்த விலைக்குத் தைத்துக் கொடுப்பதும் பெரும்பாலும் இதுதான். உடல் படும் நடுப்பகுதியில் மட்டும் உண்மைத் தோலும், பக்கவாட்டிலும் பின்புறத்திலும் செயற்கைத் தோலும் வைத்துத் தைத்த இருக்கைகளும் ஏராளம்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இருக்கையின் அடிப்பக்கம், தையல் முடியும் ஓரத்தைப் பார்க்க வேண்டும். வெட்டிய விளிம்பில் நார் நாராகத் தெரிந்தால் உண்மைத் தோல். நெய்த துணி தெரிந்தால் செயற்கை. உண்மைத் தோல்தான் என்றால், மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். சொட்டு உருண்டு நின்றால் மேற்பூச்சு நன்றாக இருக்கிறது. தோல் கருத்து நீரை இழுத்துக்கொண்டால், அது அனிலின் தோலாக இருக்கும், அல்லது மேற்பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள். நெருப்பு வைத்துப் பார்க்கும் பழைய வித்தை காரில் வேண்டாம்.

மாட்டுத் தோலைத் தவிர்க்க விரும்பும் இந்துக் குடும்பங்களுக்கு இந்தச் சோதனை இன்னொரு வகையிலும் உதவும். கார்களில் பயன்படும் உண்மைத் தோல் பெரும்பாலும் மாட்டுத் தோலே. வேண்டாம் என்றால், கார் பதிவு செய்யும்போதோ குஷன் கடையில் கொடுக்கும்போதோ முழுக்கச் செயற்கைத் தோல் என்று எழுத்தில் உறுதி செய்துகொள்வது நல்லது. ஸ்டீயரிங் சக்கரத்துக்கும் கியர்ப் பிடிக்கும் தோல் சுற்றியிருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சில கார்களில் வெல்வெட் போன்ற மெல்லிய முடியுடன் வரும் அல்கன்டாரா வகைத் துணி தோல் அல்ல. அதன் மேல் தோலுக்கான கிரீம் எதையும் பூசக் கூடாது.

இருக்கை ஏன் வெடிக்கிறது?

ஓட்டுநர் இருக்கையில் முதலில் கெடும் இடம் எப்போதும் ஒன்றுதான்: கதவுப் பக்கம் உள்ள புடைப்பு. காரில் ஏறும்போதும் இறங்கும்போதும் முழு உடல் பாரமும் அதன் மேல் வழுக்கிச் செல்கிறது. அந்த நேரத்தில் அங்கே மணலோ தூசியோ இருந்தால், அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். ஜீன்சின் தடித்த தையலும், இடுப்பில் தொங்கும் சாவிக் கொத்தும் மீதி வேலையைச் செய்துவிடும்.

வியர்வையில் உப்பு இருக்கிறது. தலை சாயும் இடத்தில் தேங்காய் எண்ணெய் படிகிறது. இவை நாள்பட மேற்பூச்சை இளக்கிப் பிசுபிசுப்பாக்கும். கொசு விரட்டும் திரவமும், கை சுத்திகரிப்பானும் இன்னும் வேகமாகக் கெடுக்கும். கொசு விரட்டியில் உள்ள டீட் என்ற பொருள் பிளாஸ்டிக்கையும் பூச்சுகளையும் கரைக்கக் கூடியது. கை சுத்திகரிப்பானில் உள்ள ஆல்கஹாலும் அப்படியே. அதிகாலையில் கொசு மருந்து பூசிக்கொண்டு தோட்ட வேலைக்குப் போகிறவரின் காரில், கை வைக்கும் இடம் மட்டும் நிறம் போயிருப்பதற்குக் காரணம் இதுதான்.

வெயில் இன்னொரு பகைவன். வெட்டவெளியில் நிறுத்திய காரின் உள்ளே வெப்பம் 50 டிகிரி செல்சியசைத் தாண்டும். தோலில் இருக்கும் ஈரமும் நெகிழ்வும் குறையும், சாயம் மங்கும். முன் கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டப்பட்டதால் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். சாதாரணப் பக்கக் கண்ணாடிகள் அந்த அளவு தடுப்பதில்லை. இருக்கையின் கதவுப் பக்கம் சீக்கிரம் வெளுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேவையான பொருள்கள்

பெரிய செலவு தேவையில்லை. மென்மையான தூரிகை முனையுள்ள வாக்குவம், நான்கைந்து மைக்ரோஃபைபர் துணிகள், குதிரை முடி போன்ற மென்மயிர்த் தூரிகை ஒன்று, தோலுக்கென்றே தயாரித்த கிளீனர், கண்டிஷனர் ஆகியவை போதும். கார் பொருள் கடையில் விற்கும் ‘எல்லாவற்றுக்கும் ஒன்று’ வகைத் திரவங்களைவிட, தோலுக்கென்று எழுதியிருப்பதே பாதுகாப்பு.

காரணம் எளிது. தோல் இயல்பாகவே சற்று அமிலத் தன்மை கொண்டது. துணி சோப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு, தரை கழுவும் மருந்து போன்றவற்றில் பல காரத் தன்மை உள்ளவை. ஒரு முறை துடைத்தால் ஒன்றும் ஆகிவிடாது. வாரா வாரம் துடைத்தால் மேற்பூச்சு மங்கும், தோல் இறுகும்.

வீட்டில் இருக்கும் இன்னும் சில பொருள்களையும் ஒதுக்கி வைக்க வேண்டும். தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய், நகப்பூச்சு நீக்கி ஆகியவை கறையோடு சாயத்தையும் எடுத்துவிடும். ‘மேஜிக் ஸ்பாஞ்ச்’ என்று விற்கும் வெள்ளை ஸ்பாஞ்ச் மிக நுண்ணிய உப்புத்தாள் போன்றது. கறை போவதாகத் தெரியும், உண்மையில் மேற்பூச்சுதான் தேய்ந்து போகும். டேஷ்போர்டுக்குப் பூசும் சிலிக்கோன் பளபளப்பான்களை இருக்கையில் பூசினால் வழுக்கும், தூசியும் ஒட்டும். பின்னாளில் சாயம் பூசிப் பழுதுபார்க்க நேர்ந்தால் அந்தச் சாயமும் பிடிக்காது.

சுத்தம் செய்யும் முறை

காரை நிழலில் நிறுத்தி, இருக்கை சூடு ஆறிய பிறகே தொடங்க வேண்டும். சூடான தோலில் கிளீனர் உடனே காய்ந்து திட்டுத் திட்டாகப் படிந்துவிடும்.

1. முதலில் வாக்குவம். இருக்கையும் முதுகுச் சாய்வும் சேரும் இடுக்கு, தையல் கோடுகள், இருக்கைத் தண்டவாளம் ஆகிய இடங்களில் உள்ள மணலை முழுக்க உறிஞ்ச வேண்டும். மணல் இருக்கும்போதே துடைத்தால் கீறல் விழும்.

2. மறைவான இடத்தில் சோதனை. கிளீனரைத் துணியில் சிறிது எடுத்து இருக்கையின் பின்பக்கக் கீழ்ப் பகுதியில் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணியில் இருக்கையின் நிறம் வந்தால் அந்தப் பொருள் வேண்டாம்.

3. கிளீனரை நேரடியாக இருக்கையில் தெளிக்காமல், தூரிகையிலோ துணியிலோ எடுத்துக்கொள்ள வேண்டும். காற்றுத் துளைகள் உள்ள இருக்கையில் இது கட்டாயம். துளை வழியே இறங்கும் திரவம் உள்ளே ஸ்பாஞ்சில் தங்கி நாற்றமடிக்கும். குளிர்காற்று விசிறி பொருத்திய இருக்கை என்றால் மின் பாகங்களும் கெடும்.

4. ஒரு சாண் அகலமுள்ள சிறு பகுதியாக எடுத்துக்கொண்டு, தூரிகையால் வட்டமாக மெல்லத் தேய்க்க வேண்டும். அழுத்தம் தேவையில்லை. தோலின் வரிகளுக்குள் இருக்கும் அழுக்கை நுரையே மேலே கொண்டுவரும்.

5. நுரை காய்வதற்குள் ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைக்க வேண்டும். துணியைத் திருப்பித் திருப்பிச் சுத்தமான பக்கத்தைப் பயன்படுத்த வேண்டும்.

6. கதவுகளைத் திறந்து வைத்து அரை மணி நேரம் நிழலில் உலர விட வேண்டும். முடி உலர்த்தும் கருவியும் நேரடி வெயிலும் கூடாது.

சுத்தமான தோல் பளபளக்காது. கார் புதிதாக வந்தபோது இருந்ததுபோல் மங்கலான, உலர்ந்த தோற்றம்தான் அதன் இயல்பு. பழைய இருக்கையில் தெரியும் பளபளப்பு பெரும்பாலும் உடல் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து படிந்த படலமே.

கண்டிஷனர் என்ன செய்யும், என்ன செய்யாது?

கண்டிஷனர் தோலுக்கு ‘உணவு’ என்று விளம்பரங்கள் சொல்லும். மேற்பூச்சு இல்லாத தோலுக்கு அது ஓரளவு பொருந்தும். இன்றைய கார்களில் உள்ள பூச்சு பூசிய தோலில், கண்டிஷனரில் பெரும்பகுதி உள்ளே இறங்குவதே இல்லை. ஆனாலும் அது வீண் அல்ல. மேற்பரப்பின் உராய்வைக் குறைக்கிறது, பூச்சு நெகிழ்வாக இருக்க உதவுகிறது, வியர்வையும் சாயமும் நேரடியாகப் படாமல் மெல்லிய திரையாக நிற்கிறது. வெடித்துவிட்ட தோலை எந்தக் கண்டிஷனரும் ஒட்டவைக்காது.

இருக்கையைச் சுத்தம் செய்து நன்றாக உலர்த்திய பிறகே பூச வேண்டும். அழுக்கின் மேல் பூசினால் அழுக்கைப் பூட்டி வைத்தது போலாகிவிடும். ஓர் இருக்கைக்கு ஒரு சிறு கரண்டி அளவே போதும். துணியில் எடுத்து மெல்லிய படலமாகத் தடவி, பத்து நிமிடம் கழித்து உலர்ந்த துணியால் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். கையால் தடவிப் பார்த்தால் பிசுபிசுப்பு இருக்கக் கூடாது. மூன்று அல்லது நான்கு மாதங்களுக்கு ஒரு முறை என்பது பெரும்பாலான கார்களுக்குப் போதும். வெயிலிலேயே நிற்கும் காருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை செய்யலாம்.

வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றைப் பூசும் பழக்கம் சிலரிடம் உண்டு. அன்று பளபளவென்று தெரியும். சில நாளில் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், தூசி ஒட்டும், தையல் நூல் கருக்கும். ஈரமான காற்றில் பூசணத்துக்கு அதுவே உணவாகிவிடும்.

செயற்கைத் தோலுக்குக் கண்டிஷனர் கிரீம் தேவையில்லை. அதே முறையில் சுத்தம் செய்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று எழுதியுள்ள, வினைல் அல்லது பிவிசிக்கான பாதுகாப்புத் திரவத்தைப் பூசினால் போதும்.

கார் பராமரிப்புக் கடைகளில் செய்யும் ‘லெதர் கோட்டிங்’ ஒரு கூடுதல் பாதுகாப்புப் படலம். வெளிர் நிற இருக்கைகளுக்கு நல்ல பலன் தரும், குறிப்பாக ஜீன்ஸ் சாயம் ஒட்டுவதைக் குறைக்கும். ஆனால் அது நிரந்தரம் அல்ல. ஆண்டுக்கணக்கில் தாங்கும் என்று சொல்லப்படும் பூச்சும், மாதாந்தரச் சுத்தம் இல்லாவிட்டால் அழுக்குப் படலத்துக்கு அடியில் மறைந்துபோகும்.

வீட்டுக் கறைகளும் தோட்டத்துக் கறைகளும்

எந்தக் கறைக்கும் பொது விதி ஒன்றுதான்: தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும், உடனே எடுக்க வேண்டும்.

மஞ்சள், குழம்பு: முதலில் உலர்ந்த டிஷுவால் எண்ணெயை ஒற்றி, பிறகு தோல் கிளீனரால் துடைக்க வேண்டும். சோப்பு போட்டுத் தேய்த்தால் மஞ்சள் கறை திடீரெனச் சிவப்பாக மாறும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வது எப்படியோ, அதே காரியம்தான் இங்கேயும் நடக்கிறது. காரம் பட்டதும் மஞ்சளின் நிறப்பொருள் சிவக்கிறது. பயப்பட வேண்டாம், தண்ணீரில் நனைத்த துணியால் சோப்பை எடுத்துவிட்டால் மீண்டும் மஞ்சளாகும். மிச்சம் இருக்கும் லேசான மஞ்சள் நிறம் வெளிச்சத்தில் நாளடைவில் மங்கும்.

தைப்பூச நாள்: பால்குடம் சுமந்து, வியர்வையிலும் பாலிலும் நனைந்த புது மஞ்சள் ஆடையோடு காரில் உட்காரும்போது இருக்கைக்கு இரண்டு கேடு. ஆடைச் சாயம் ஈரத்தில் ஒட்டும், பால் தையல் வழியே இறங்கிப் புளித்து நாறும். புறப்படும் முன்பே தடித்த துண்டு ஒன்றை விரித்துவிடுவது எளிது. பால் சிந்திவிட்டால் அன்றே தையல் ஓரங்களை ஈரத் துணியால் இரண்டு மூன்று முறை ஒற்றி உலர்த்த வேண்டும்.

ஜீன்ஸ் சாயம்: வெளிர் நிற இருக்கையில் நீலமாகத் தெரியும். புதிதாக ஒட்டியது கிளீனரில் போய்விடும். மாதக்கணக்கில் விட்டால் மேற்பூச்சுக்குள்ளேயே ஊறிவிடும், பிறகு எடுப்பது கடினம். பிவிசி இருக்கையில் இது இன்னும் வேகமாக ஊறும்.

ரப்பர் பால்: ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பரவும். காய விட்டு, விரலால் உருட்டி உரித்தால் படலமாக வந்துவிடும். ஆனால் தையலிலும் துளையிலும் இறங்கியதை எடுப்பது கடினம். பால் வெட்டி வரும் உடுப்போடு ஏறுகிறவர்களுக்கு இருக்கை மேல் ஒரு பழைய துண்டே போதும்.

செம்மண், உரம்: செம்பனைத் தோட்டத்துச் சேற்றை ஈரமாகத் துடைக்காமல், காய்ந்ததும் தூரிகையால் தட்டி வாக்குவம் செய்ய வேண்டும். உரத்தூள் ஈரத்தை இழுக்கும், இருக்கைத் தண்டவாளத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். உர மூட்டையைப் பின் இருக்கையில் ஏற்ற நேர்ந்தால் அடியில் பிளாஸ்டிக் விரிப்பு கட்டாயம்.

தே தாரிக், குளிர்பானம்: சர்க்கரை காய்ந்தால் எறும்பு வரும். வெறும் ஈரத் துணியால் இரண்டு முறை துடைத்து உலர்த்தினாலே போதும்.

பேனா மை: மிகக் கடினமான கறை. கிளீனரால் ஒற்றிப் பார்த்தும் போகவில்லை என்றால் நிறுத்திவிடுவதே அறிவு. ஆல்கஹால் தொட்டுத் தேய்த்தால் மையும் போகும், இருக்கை நிறமும் போகும்.

சூயிங்கம்: பிளாஸ்டிக் பையில் பனிக்கட்டி போட்டு அதன் மேல் வைத்து இறுக விட்டு, மழுங்கிய அட்டையால் நெம்பி எடுக்க வேண்டும்.

பூசணம்: வெப்ப மண்டலத்தின் தலைவலி

பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பி வந்து காரைத் திறந்தால், இருக்கை முழுதும் வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம். மலேசியாவில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 முதல் 90 விழுக்காடு வரை இருப்பதால், மூடிக் கிடக்கும் காரில் இது சாதாரணம்.

காரை வெளியே காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவந்து, முகக்கவசம் அணிந்து வேலை செய்ய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அருகில் இருக்கக் கூடாது. பூசணத்தை உலர்ந்த தூரிகையால் வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ தட்டினால் வித்துகள் பறக்கும். லேசாக ஈரமாக்கிய துணியால் துடைத்து, அந்தத் துணியை உடனே பையில் கட்டி எறிந்துவிடலாம். பிறகு வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவு கலந்து, மறைவான இடத்தில் சோதித்துவிட்டு, துணியில் தொட்டு முழுவதும் துடைக்க வேண்டும். அது காய்ந்ததும் தோல் கிளீனர், கடைசியாகக் கண்டிஷனர். குளோரின் பிளீச் கூடவே கூடாது. வினிகரோடு அது கலந்தால் நச்சு வாயு வெளியாகும்.

துடைத்த பத்தாம் நாள் மீண்டும் பூசணம் வந்தால், காரணம் இருக்கையில் இல்லை. கால் விரிப்பின் அடியில் கை வைத்துப் பார்க்க வேண்டும். ஏர்கோன் நீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம், கதவு ரப்பர் கிழிந்து மழைநீர் இறங்கியிருக்கலாம். ஈரத்தின் ஊற்றை அடைக்காமல் இருக்கையைத் துடைப்பதில் பயனில்லை. நீண்ட நாள் நிறுத்தும் காரில் ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் இரண்டு வைத்து, முடிந்தால் வாரம் ஒரு முறை யாரையாவது கொண்டு கதவைத் திறந்து காற்றாட விடலாம்.

வெள்ளத்தில் நனைந்த கார்

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா உள்ளிட்ட இடங்களில் ஏற்பட்ட வெள்ளத்தில் ஆயிரக்கணக்கான வாகனங்கள் மூழ்கின. வெள்ளம் புகுந்த காரில் தோல் இருக்கையைக் காப்பாற்ற வேண்டுமானால் நேரம் முக்கியம். சேற்று நீர் சாக்கடையோடு கலந்து வருவதால், மேலே துடைப்பது போதாது. இருக்கையைக் கழற்றி, உள்ளே உள்ள ஸ்பாஞ்சை உலர்த்த வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். இதை வீட்டில் செய்யக் கூடாது. இருக்கைக்கு அடியில் ஏர்பேக், இருக்கைவார் ஆகியவற்றின் மின் இணைப்புகள் உள்ளன. பேட்டரியைத் துண்டித்து, விவரம் தெரிந்த மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை அது. வழக்கமான முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் தானாக அடங்காது. அதற்கெனக் கூடுதல் கட்டணம் செலுத்திச் சேர்த்திருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இருக்கை ஒரு சாட்சி. வெள்ளத்தில் மூழ்கிய காருக்குப் புதுத் தோல் போட்டு விற்பது எளிது. ஆகவே தோலை மட்டும் பார்க்காமல், இருக்கைத் தண்டவாளத்திலும் அடியில் உள்ள ஆணிகளிலும் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கைவாரைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரியலாம். பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத காரில் ஓட்டுநர் இருக்கையின் புடைப்பு மட்டும் தேய்ந்து வெடித்திருந்தால், மீட்டரைச் சந்தேகிக்க வேண்டியதுதான்.

வெயில், டின்ட், உறை, குழந்தை இருக்கை

முன் கண்ணாடிக்கு வெயில் தடுப்பு அட்டை வைப்பதே மிக மலிவான பாதுகாப்பு. டின்ட் ஒட்டுவதானால், 2019-இல் திருத்தப்பட்ட விதிப்படி முன் கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு ஒளியையும், முன் பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 விழுக்காடு ஒளியையும் உள்ளே விட வேண்டும். கறுப்பு அதிகம் என்பதாலேயே பாதுகாப்பு அதிகம் என்று ஆகாது. புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இருக்கை உறை போடுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முன் இருக்கையின் பக்கத்தில் ‘ஏர்பேக்’ என்ற சிறு முத்திரை இருந்தால், விபத்தின்போது அந்த இடத்தில்தான் தையல் பிரிந்து ஏர்பேக் வெளிவரும். முழுக்க இறுக்கி மூடும் சாதாரண உறை அதைத் தடுத்துவிடும். புதுத் தோல் தைக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. ஏர்பேக் பகுதியில் போடும் நூலும் தையலும் தனி வகை. அது தெரியாத கடையில் முன் இருக்கையைக் கொடுக்கக் கூடாது. சில நூறு ரிங்கிட் மிச்சப்படுத்தப் போய் உயிரைப் பணயம் வைப்பதாக ஆகிவிடும்.

2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் குழந்தைகளுக்குக் கார் பாதுகாப்பு இருக்கை கட்டாயம். அது தோலில் பள்ளம் விழச் செய்யும் என்பதற்காக அதைத் தவிர்ப்பது தவறு. அடியில் தடித்த மெத்தை போட்டால் இருக்கை ஆடும், பாதுகாப்பு குறையும். குழந்தை இருக்கையின் தயாரிப்பாளர் அனுமதிக்கும் மெல்லிய விரிப்பை மட்டும் போடலாம். மாதம் ஒரு முறை அதைக் கழற்றி, அடியில் சேர்ந்திருக்கும் பிஸ்கட் தூளையும் மணலையும் எடுத்துவிட வேண்டும்.

வெடித்த பிறகு

மேற்பூச்சு மட்டும் உரிந்து நிறம் போயிருந்தால், தோல் சாயம் பூசுகிறவர்கள் சரிசெய்ய முடியும். சிறு கீறலுக்கு நிரப்புப் பசை உண்டு. தோலே கிழிந்து ஸ்பாஞ்ச் தெரிந்தால், அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றித் தைக்கச் சொல்லிக் கேட்கலாம். எல்லா இருக்கைக்கும் புதுத் தோல் போட்டால்தான் ஆகும் என்று சொல்லும் கடையில், ஒரு துண்டுக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டு இன்னொரு கடைக்கும் போய் விசாரிப்பது நல்லது. எந்தப் பொருளால் தைக்கிறார்கள், உண்மைத் தோலா செயற்கையா, உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதை ரசீதில் எழுதி வாங்க வேண்டும். செயற்கைத் தோல் செதில் செதிலாக உரியத் தொடங்கினால் அதற்கு மருந்து இல்லை. மாற்றுவதுதான் வழி.

நினைவில் வைக்க

வாரம் ஒரு முறை: உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் தூசி துடைத்தல், இடுக்குகளில் வாக்குவம்.

மாதம் ஒரு முறை: ஓட்டுநர் இருக்கை, கை வைக்கும் இடம், தலைச் சாய்வு ஆகியவற்றைக் கிளீனரால் துடைத்தல். மற்ற இருக்கைகள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை: முழுச் சுத்தம், பிறகு கண்டிஷனர்.

ஆண்டுக்கு ஒரு முறை: கால் விரிப்பை எடுத்து ஈரம் பார்த்தல், ஏர்கோன் நீர்க்குழாய், கதவு ரப்பர், இருக்கைத் தண்டவாளம் ஆகியவற்றைச் சோதித்தல். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும் அந்த வாரத்திலேயே இதையும் சேர்த்துக்கொண்டால் மறக்காது.

இவை எல்லாவற்றையும் செய்ய நேரமில்லாதவர்கள் ஒன்றை மட்டுமாவது செய்யலாம். ஏறி இறங்கும் பக்கத்தில் உள்ள அந்தப் புடைப்பை வாரம் ஒரு முறை துடைத்து, உட்காரும்போது அதன் மேல் சறுக்காமல் காலை ஊன்றி எழுந்து உட்காரும் பழக்கத்தை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தால், இருக்கையின் ஆயுளில் பெரும்பகுதி அங்கேயே காப்பாற்றப்பட்டுவிடும்.